இடது முன்வீல் பக்கம் 'டொக் டொக்'

காட்பாடிக்காரன்:
பழைய டீசல் கார். பாலாற்றுப் பாலத்து இணைப்புகளில் மெதுவாகப் போனால் சத்தம். பைபாஸில் 80-ல் போனால் ஒன்றுமில்லை. மெக்கானிக் குனிந்துகூடப் பார்க்காமல் குலுக்கலை அடக்கும் இரண்டு ஷாக் அப்சார்பரையும் மாற்றச் சொல்கிறார். கசிவு கிடையாது, பானெட்டை அமுக்கி விட்டால் ஒரே ஆட்டத்தில் நிற்கிறது. என்னண்ணா செய்வது?

பாகாயம் டிரைவர்:
ஷாக்கை விடுங்க தம்பி. லிங்க் ராடுதான் என் சந்தேகம்; வண்டி சாயாமல் பிடிக்கிற பாரை வீல் பக்கத்தோடு இணைக்கும் சின்னக் கம்பி அது. ஒரு வீல் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது சத்தம், ஸ்பீடு பிரேக்கரில் இரண்டும் சேர்ந்து ஏறும்போது இல்லை என்றால் அதேதான். விலையும் கம்மி.

காட்பாடிக்காரன்:
ஆமாண்ணா, அப்படித்தான் வருகிறது. ஆனால் பிரேக் போட்டாலும் ஒரு 'டக்'.

குடியாத்தம் ஒர்க்‌ஷாப்:
அது வேறு. வீலைக் கீழே வண்டியோடு பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷைக் கம்பியால் நெம்பிப் பார்க்கச் சொல்லுங்க, ரப்பர் வெடித்திருக்கும். அப்படியே வீலைத் தூக்கி, டயரை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்க. ஆர்ம் வீல் பக்கம் சேரும் பால் ஜாயின்ட்டில் ஆட்டம் இருந்தால் வண்டியை எடுக்கவே வேண்டாம். ஆர்மைக் கழற்றினால் வீல் அலைன்மென்ட் (சக்கரக் கோணத்தைச் சரிசெய்வது) கட்டாயம். லிங்க் ராடுக்குத் தேவையில்லை, யாராவது கேட்டாலும் காசு கொடுக்காதீங்க.

காட்பாடிக்காரன்:
சரிண்ணா. ஜாக்கி இருக்கிறது, தூக்கிய வண்டியைத் தாங்கும் ஸ்டாண்டு மட்டும் பக்கத்து வீட்டில் வாங்க வேண்டும்.