வெட்டுப்புள்ளியைத் தரவரிசையாக வாசிக்கிற ஆக்கள்: நீங்கள் கண்டதைச் சொல்லுங்கோ

வாவிக்கரை:
கல்லடியில ஒரு டியூட்டரிச் சுவர். போன வருச இசட் வெட்டுப்புள்ளியை, அதாவது ஒவ்வொரு கோர்ஸுக்கும் மாவட்டத்தில கடைசியா எடுபட்ட பிள்ளையின்ர ஏ.எல். இசட் புள்ளியை, மேலிருந்து கீழ அடுக்கி, "சிறந்த கம்பஸ்கள்" எண்டு தலைப்புப் போட்டிருந்தது. ஒரு தாய் விரலை வைச்சு வாசிச்சுக்கொண்டு வந்து, மட்டக்களப்புக் கட்டத்தில 'என்.கியூ.சி.' எண்டு இருந்த இடத்தில நிண்டா. "இதுக்கு ஒருத்தரும் போகல்லையா சேர்? அப்ப கூடாத கோர்ஸ்தானே?" அந்த வருசம் அந்த மாவட்டத்தில தகுதியான விண்ணப்பதாரி இல்லை, அவ்வளவுதான் அதுக்கு அர்த்தம். கோர்ஸைப் பற்றி அது ஒண்டும் சொல்லாது.

ஒலுவில்காரன்:
வெட்டுப்புள்ளியாவது பிள்ளையள் எடுத்த மார்க்ஸில வாறது. இணையத்தளத்தை வைச்சுக் கம்பஸ்களை வரிசைப்படுத்துற வெப்போமெட்ரிக்ஸைத் தூக்கிக்கொண்டு வாற ஆக்களோட மாட்டிப் பாருங்கோ. அதின்ர புள்ளியில 50 வீதம் வெளியில இருந்து கம்பஸ் இணையத்தளத்துக்கு வாற இணைப்புகளுக்கு. டொமைனை மாத்தினால் பழைய இணைப்பெல்லாம் அறுந்து இடம் இறங்கும். வகுப்பில ஒரு கதிரைகூட மாறியிராது. 40 வீதம் அதிகம் மேற்கோள் காட்டப்படுற கட்டுரைகளுக்கு. டைம்ஸ் உயர்கல்வி உலகத் தரவரிசையில பேரைத் தேடுறவையும் இருக்கினம். 5 வருசத்தில 1,000 ஆய்வுக்கட்டுரை இல்லாட்டி அதுக்குள்ள போகவே ஏலாது.

கல்முனை_கணக்கு:
ஒலுவில்காரன், மார்க்ஸ் மட்டுமில்லை. விண்ணப்பத்தில யூனி கோட், அதாவது கோர்ஸையும் கம்பஸையும் குறிக்கிற குறியீடு, எழுதுற விருப்ப ஒழுங்கும் சேர்ந்துதான் வெட்டுப்புள்ளி. கொழும்பு, பேராதனையை முதல்ல எழுதினால் வந்தாறுமூலைக்கு (கிழக்குப் பல்கலைக்கழகம்) அடுத்த அடுக்குப் புள்ளிதான் மிஞ்சும். அடுத்த வருசப் பிள்ளை அந்த இறங்கின புள்ளியைப் பார்த்துத் திரும்பவும் கீழ எழுதும். இடம் கூட்டினாலும் புள்ளி இறங்கும். இன்னுமொண்டு: பெரும்பாலான கோர்ஸில இடங்களைப் பிரிக்கிறது 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 மாவட்டக் கோட்டா, 5 பின்தங்கின மாவட்டம். ஒரே வாங்கில இருக்கிற ரெண்டு பிள்ளையள் ரெண்டு வெட்டுப்புள்ளியில வந்திருப்பினம். அப்ப அந்தப் பீடத்தின்ர தரம் எந்தப் புள்ளி?

ஏறாவூர்_ஆய்வுகூடம்:
கேக்கல்லதான், எண்டாலும் சொல்றன். கோட் எழுத முதல் பாக்க வேண்டியது வேற.

பொறியியல் எண்டால் இலங்கைப் பொறியியலாளர் நிறுவகத்தின்ர அங்கீகாரப் பட்டியலை எடுங்கோ. பல்கலைக்கழகப் பேரைப் பாக்காமல் பட்டத்தின்ர பேரையும் செல்லுபடியாகிற வருசத்தையும் பாருங்கோ. ஒரே பீடத்தில சிவிலுக்கு இருந்து மற்றதுக்கு இல்லாமலும் போகலாம். வெளிநாட்டில பொறியியலாளராப் பதிவு கேக்கேக்க, நாடுகள் ஒண்டின்ர பட்ட அங்கீகாரத்தை மற்றது ஏற்கிற வொஷிங்டன் உடன்படிக்கை அங்கதான் கைகொடுக்கும்.

மருத்துவம் எண்டால் பொதுத் திறமைப் பட்டியலைப் பாருங்கோ. கடைசிப் பரீட்சைக்குப் பிறகு எல்லாப் பீடத்துப் பிள்ளையளும் அதுக்குள்ளதான். இன்டேர்ன்ஷிப் இடமும் அந்த வரிசையிலதான். ஆஸ்பத்திரியில படிக்கிற வார்ட் குரூப்பில எத்தினை பேர் எண்டு மூண்டாம் வருசப் பிள்ளையிட்டக் கேளுங்கோ. கட்டிலைச் சுத்திப் பதினைஞ்சு பேர் நிண்டால் வயித்தைத் தொட்டுப் பாக்கிறது முன்னுக்கு நிக்கிற நாலு பேர்தான்.

விஞ்ஞானம் எண்டால் பிரக்டிகலில ஒரு உபகரணத்துக்கு எத்தினை பேர், பழுதானால் திருத்த எவ்வளவு காலம், எத்தினை விரிவுரையாளர் பதவி வெறுமையாக் கிடக்கு. விண்ணப்பக் கையேட்டில இது ஒண்டும் இராது. இரண்டாம் வருசத்துப் பிள்ளை பத்து நிமிசத்தில சொல்லும்.

ஒலுவில்காரன்:
எல்லாம் சரி. கியூ.எஸ். தரவரிசையில கல்வியாளர் அபிப்பிராயம் 30, தொழில் தாறவையின்ர அபிப்பிராயம் 15. மொத்தம் 45 வீதம் வாய்ப் பேச்சு எண்டும் தெரியும். ஆனா பைலைத் திறக்க முதல் கம்பஸ் பேரைக் கேக்கிற கொம்பனிக்காரனுக்கு உங்கட வார்ட் குரூப் கணக்கை ஆர் சொல்றது?

கல்முனை_கணக்கு:
அவனுக்கு ட்ரெய்னிங் ரிப்போட்டைக் காட்டுங்கோ. சுவரில ஒட்டின தாளைக் கிழியுங்கோ.