மேல் பாதி பின்னல், கீழ்ப் பாதி நெசவு: இந்த கவுன் 61-ஆ, 62-ஆ?

அனைவருக்கும் வணக்கம். மதுரை விளக்குத்தூண் பக்கம் குழந்தைகள் துணிக்கடை வைத்திருக்கிறேன். முதல் தடவையாக பாங்காக்கிலிருந்து கவுன் இறக்குமதி செய்யப் போகிறேன், சரக்கு தூத்துக்குடிக்கு வரும். சுங்கத் தலைப்பில்தான், அதாவது சுங்க வரிப் பட்டியலில் எந்த எண்ணில் காட்டுவது என்பதில்தான் குழப்பம்.

பின்னலாடை என்றால் 61-ஆம் அத்தியாயம், தறியில் நெய்தது என்றால் 62, அதுவரை சரி. ஆனால் என் கவுனில் மேல் பாதி பனியன் துணி, இழுத்தால் நீள்கிறது, இடுப்புத் தையலுக்குக் கீழே நெய்த பாலியஸ்டர் பாவாடை. சாம்பிள் ஒன்றைப் பிரித்து பக்கத்து நகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன், மேல் பாதி 60 கிராம், பாவாடை 85. நூல் கலப்பு என்றால் எடையில் எது அதிகமோ அதுதான் கணக்கு என்று தெரியும், அப்புறம் பின்னலா நெசவா என்பதற்கும் அதே எடைக் கணக்குதானா, இல்லை ஆடைக்கு எந்தப் பாகம் முக்கியத் தன்மை தருகிறது என்று பார்ப்பார்களா?

இன்னொன்று, 86 செ.மீ. உயரம் வரையுள்ள குழந்தைகளின் உடுப்புக்கு 6111, 6209 என்று தனித் தலைப்பு. என்னிடம் 80, 86, 92 என மூன்று சைஸ், எண் குழந்தையின் உயரத்தை செ.மீ.-இல் குறிக்கிறது. கிளியரிங் ஏஜென்ட் கவுனின் நீளத்தை டேப்பில் அளந்து எல்லாமே அதற்குள்தான் என்கிறார். விதி சொல்வது குழந்தையின் உயரம் அல்லவா? அப்படியானால் 92-ஐ மட்டும் பெண்கள் கவுன் தலைப்பில் தனியாகக் காட்ட வேண்டும்.

இப்படிக் கலந்த ஆடை இறக்கியவர்கள் எந்தத் தலைப்பில் காட்டினீர்கள்? மும்பையிலோ டெல்லியிலோ முன்கூட்டியே தீர்ப்பு (சரக்கு வரும் முன்பே எந்தத் தலைப்பு என்று சுங்கத் தரப்பு சொல்லும் முடிவு) கேட்டு விண்ணப்பித்தவர்கள் இருந்தால் அவசியம் சொல்லுங்கள். அட்வான்ஸ் கட்டியாகிவிட்டது, தப்பாகக் காட்டி அபராதம் கட்ட எனக்கு வசதி இல்லை.