மகளுக்கு ஜிபிஎஸ் வாட்ச் வாங்கலாமா? வாங்கியவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். மகள் ஏழாம் வகுப்பு போகிறாள். ஜூனிலிருந்து வேன் கிடையாது. குரோம்பேட்டையிலிருந்து தாம்பரத்துக்கு டவுன் பஸ்ஸில் தனியாகத்தான் போய்வர வேண்டும். பள்ளியில் போனுக்கு அனுமதி இல்லை. அதனால் சிம் போடும் ஜிபிஎஸ் வாட்ச் வாங்கலாம் என்கிறார் வீட்டுக்காரர்.

எனக்குத்தான் தயக்கம். சில வாட்சுகளில் பிள்ளைக்கே தெரியாமல் சுற்றி நடக்கும் பேச்சை நாம் வீட்டிலிருந்து கேட்கலாம். டீச்சர் பேசுவதும் சேர்த்துத்தான்! இப்படி ஒட்டுக்கேட்கும் வாட்சுகளை ஜெர்மனி 2017-லேயே தடை செய்துவிட்டது. அதே ஆண்டு நார்வே நுகர்வோர் கவுன்சில் சோதித்தபோது, சிலவற்றில் வெளியாள் புகுந்து குழந்தை இருக்கும் இடத்தைப் பார்க்க முடிந்தது. பயமாக இருக்காதா?

பையில் ஏர்டேக் (இருக்கும் இடத்தைக் காட்டும் ஆப்பிளின் சின்ன வில்லை) போடச் சொல்கிறாள் அக்கா. அது பொருள்களைத் தேடத்தான் என்று ஆப்பிளே சொல்கிறது. பக்கத்தில் யாருடைய ஐபோனோ வேறு ஆப்பிள் கருவியோ இருந்தால்தான் இடமும் தெரியும்.

மகளிடம் கேட்டேன். “பஸ் ஏறினது, இறங்கினது தெரிஞ்சா போதும்மா. எந்தக் கடையில நின்னேன்னு கேக்கக் கூடாது” என்றாள். நியாயமாகத்தான் படுகிறது.

ஒட்டுக்கேட்கும் வசதி இல்லாத வாட்ச் எது? பழைய லொகேஷன் பதிவுகளை நாமே அழிக்க முடியுமா? ஒரு நாள் முழுக்க சார்ஜ் நிற்குமா? அப்புறம், எப்போது பார்ப்பது, எப்போது பார்க்காமல் இருப்பது என்று உங்கள் பிள்ளைகளோடு என்ன பேசி வைத்திருக்கிறீர்கள்? எந்த வயதில் நிறுத்தினீர்கள்? விற்பனை லிங்க் மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.