‘பிளாக்கிளான்ஸ்மேன்’ திரையிடலுக்கு உதவி தேவை

நண்பர்களே, வணக்கம். எங்கள் நூலகத் திரைப்பட வட்டத்தில் அடுத்த மாதம் ஸ்பைக் லீயின் ‘பிளாக்கிளான்ஸ்மேன்’ (2018) திரையிடுகிறோம். அதைத் தொடரும் உரையாடலை நடத்தும் பொறுப்பு எனக்கு.

இது ஓர் உண்மைக் கதையை அடிப்படையாகக் கொண்ட படம். அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரக் காவல்துறையின் முதல் கறுப்பினத் துப்பறிவாளரான ரான் ஸ்டால்வர்த், 1978இல் தொலைபேசி வழியாகவே கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்புக்குள் நுழைந்தார். நேரில் செல்ல வேண்டிய கூட்டங்களுக்கு அவர் பெயரில் வெள்ளையினச் சக அதிகாரி ஒருவர் சென்றார். படம் கதையை 1970களின் தொடக்கத்துக்கு நகர்த்தி, அந்த அதிகாரியை யூதராக்குகிறது. என் பார்வையில் இது நல்ல மாற்றம். அவர் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் நெஞ்சைப் பிசைகிறது.

ஆனால் என்னை மிகவும் உலுக்கியது, 1916இல் டெக்சாஸின் வேக்கோ நகரில் ஜெசி வாஷிங்டன் என்ற கறுப்பின இளைஞரை ஒரு கும்பல் எரித்துக் கொன்றதை பாடகரும் நடிகருமான ஹாரி பெலஃபான்டே விவரிக்கும் காட்சி. இத்தகைய கும்பல் கொலைகளைப் பற்றித் தமிழில் நம்பகமான நூலோ கட்டுரையோ இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். பொதுத் திரையிடலுக்கான அனுமதியை யாரிடம் கேட்பது என்பதும் தெரிய வேண்டும்.

பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் சிலரும் பெற்றோருடன் வருகிறார்கள். படத்தில் இனவெறி வசைகள் ஏராளம். அவர்களை முன்கூட்டி எப்படித் தயார்படுத்துவது? ஆசிரியர்களாக இருப்பவர்கள் அவசியம் வழிகாட்டுங்கள். இம்மாத இறுதிக்குள் கிடைக்கும் தகவல்களைத் துண்டறிக்கையில் சேர்த்துவிடுவேன்.