பத்தாண்டுக் கட்டமைப்புச் சோதனை: பொறியாளர் எதற்கெல்லாம் பொறுப்பு?

செங்காங்வாசி:
எங்கள் காண்டோவுக்கு (தனியார் அடுக்குமாடி வீடுகள்) கட்டமைப்புச் சோதனை செய்யச் சொல்லி சிங்கப்பூரின் கட்டட, கட்டுமான ஆணையமான பிசிஏ-விடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. மூன்று கொட்டேஷன் வாங்கினோம். ஒன்று மற்றவற்றில் பாதிகூட இல்லை. "சுற்றிப் பார்த்து, படமெடுத்து அறிக்கை தருவோம்" என்கிறார்கள். இது போதுமா? கார் நிறுத்துமிடக் கூரையில் கான்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிகிறது. அதையும் பொறியாளரே சரிசெய்து தருவாரா?

பீம்காரர்:
முதல் கட்டமே கண்ணால் பார்ப்பதுதான், அதில் குற்றமில்லை. ஆனால் கட்டமைப்பு வரைபடம் கையில் இல்லாமல் பார்த்தால் அது வெறும் உலா. உங்களிடம் இல்லையென்றால் பிசிஏ-விடம் பணம் கட்டி வாங்கலாம். பீமின் (உத்திரத்தின்) நடுவே அடியில் மயிரிழை விரிசல் இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. தூணை ஒட்டிச் சாய்வாக ஏறினால் உடனே கவனிக்கணும். சந்தேகம் வந்தால் கான்கிரீட் மாதிரி எடுத்துச் சோதனை, கணக்கு என இரண்டாம் கட்டம்.

பலர் கோட்டைவிடுவது பாரத்தில். வீட்டுத் தளத்துக்கு வழக்கமாகச் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ பயன்பாட்டுச் சுமைதான் (ஆட்கள், சாமான்களின் எடை) கணக்கு. மொட்டைமாடியில் அரை மீட்டர் ஈரமண் பரப்பித் தோட்டம் போட்டால் 900 கிலோ! அனுமதியில்லாமல் கட்டியது, இடித்தது, இடத்தின் பயன்பாட்டை மாற்றியது எல்லாம் அறிக்கையில் வரவேண்டும். 1986 மார்ச் 15-ல் சிங்கப்பூரில் நியூ வோர்ல்டு ஹோட்டல் இடிந்து 33 பேர் இறந்தார்கள். கட்டடத்தின் சொந்த எடையையே வடிவமைப்புக் கணக்கில் சேர்க்கவில்லை என்று விசாரணையில் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் இந்தச் சோதனை சட்டமானது.

கம்பியும்கல்லும்:
கூரை விஷயம்: பொறியாளர் காரணத்தைக் கண்டுபிடித்து, பழுதுபார்க்கும் முறையை எழுதிக்கொடுப்பார். பூசுவது ஒப்பந்தக்காரர் வேலை. புதிதாக உடைத்த பரப்பில் பினால்ஃப்தலீன் என்ற நிறங்காட்டிக் கரைசலைத் தெளித்தால் நல்ல கான்கிரீட் இளஞ்சிவப்பாகும். நிறம் மாறாத ஆழம்வரை, கம்பியைத் துருவிலிருந்து காக்கும் காரத்தன்மை போய்விட்டது. அந்த ஆழம் கம்பியைத் தொட்டிருந்தால், ஈரமும் சேரும்போது துரு பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், அதனால்தான் கான்கிரீட் பிதுங்கி விழுகிறது.

துருவின் மேலேயே சிமெண்ட் அப்பி பெயிண்ட் அடிப்பார்கள், விடாதீர்கள். கம்பிக்குப் பின்னால் சுமார் 20 மி.மீ. வரை கொத்தி, உலோகம் பளிச்சிடத் தேய்த்து, துருத்தடுப்பு பூசி, பிறகு பாலிமர் சேர்த்த சிமெண்ட் கலவை. கம்பி மெலிந்திருந்தால் எவ்வளவு என்று அளந்து, கூடுதல் கம்பி வேண்டுமா என்பதைப் பொறியாளர்தான் சொல்லணும். மேலே கசியும் குழாயோ நீச்சல்குளமோ இருந்தால் முதலில் அந்தக் கசிவை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் செலவு தண்டம்.

மாடிப்படி:
இரண்டு விஷயம். அந்தக் கட்டடத்தில் தொழில் தொடர்போ பணத் தொடர்போ உள்ள பொறியாளரை நியமிக்கக் கூடாது. வடிவமைத்தவரையே கூப்பிட்டுவிடாதீர்கள். இன்னொன்று, முகப்புச் சோதனை (கட்டடத்தின் வெளிப்புறத்தைப் பார்ப்பது) தனி: 20 ஆண்டுக்கு மேலான, 13 மீட்டருக்கு மேல் உயரமான கட்டடங்களுக்கு 7 ஆண்டுக்கு ஒருமுறை. குடியிருப்பு அல்லாதவற்றுக்குக் கட்டமைப்புச் சோதனை 5 ஆண்டுக்கு ஒருமுறை, உங்களுக்கு 10.

செங்காங்வாசி:
நன்றி. மலிவான கொட்டேஷனில் வரைபடம் என்ற சொல்லே இல்லை. திங்கட்கிழமைக் கூட்டத்தில் கேட்கிறோம்.