லட்ச ரூபாய்க் கைப்பை: தரத்துக்கு எவ்வளவு, பெயருக்கு எவ்வளவு?

குன்னூர்வாசி:
துபாயில் இருக்கும் என் மைத்துனர் சித்திரையில் வந்தபோது, லட்ச ரூபாய்க்கு மேல் விலையுள்ள லூயி விட்டான் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் கைப்பை ஒன்றைத் தம் அக்காவுக்குக் கொடுத்தார். கல்யாண வீடுகளுக்கு மட்டுமே அது பீரோவை விட்டு வெளியே வருகிறது. தரத்துக்குத்தான் அந்த விலை என்கிறார் மைத்துனர். ஆனால் ஆடிச் சாரலில், பீரோவுக்குள் பல்பு எரியவிட்டும், கைப்பிடியில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. இத்தகைய பொருளில் தரம் உண்மையில் எவ்வளவு?

உதகை பை தைப்பவர்:
ஐயா, பூஞ்சணத்துக்குப் பையைக் குறை சொல்லாதீர்கள். நம் மழைக்காலத்துக்கு எந்தத் தோலும் தப்பாது. உலர்ந்த துணியால் துடைத்து நிழலில் காற்றாட வையுங்கள். அந்த நிறுவனப் பைகளின் எழுத்துகள் நிறைந்த பழுப்புப் பரப்பைப் பலர் தோல் என்றே எண்ணுகிறார்கள். அது பிளாஸ்டிக் பூச்சுக் கொடுத்த கித்தான். கைப்பிடியும் ஓரப்பட்டையும்தான் தோல். மேற்பூச்சு இல்லாததால் அது கைபடக் கைபடத் தேன் நிறத்துக்கு மாறும். தையல் நேர்த்தியானது, துணியும் உழைக்கும். ஆயினும் அந்த விலையில் பெரும்பகுதி பெயருக்குத்தான் என்பது என் தொழிலறிவு சொல்வது. 1896இல் போலிகளைத் தடுக்கவென்று வகுத்த அந்த எழுத்துக்கோலத்தைத்தான் இன்று போலிப் பைகளில் முதலில் அச்சிடுகிறார்கள்.

கோத்தகிரி ஆசிரியை:
விலை உயர்ந்ததெல்லாம் பகட்டு என்று முடித்துவிட முடியாது. என் தாயார் தோடர் பழங்குடிப் பெண் ஒருவரிடம் வாங்கிய பூத்துக்குளி என்னும் சால்வை இருபது ஆண்டுகளாக எங்கள் வீட்டில் இருக்கிறது. துணியில் கோடு எதுவும் வரையாமல், இழைகளை எண்ணி எண்ணியே சிவப்பும் கறுப்புமாக ஊசி வேலை செய்திருக்கிறார். ஓர் இழை தப்பினால் வரிசையே கோணிவிடும். நாம் பின்புறம் என்று நினைக்கும் சொரசொரப்பான பக்கமே தோடர்களுக்கு நல்ல பக்கம். 2013இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகும் எந்திரத்தில் தைத்த போலிகள் கடைகளில் தொங்குகின்றன. ஆனால் திருப்பிப் பார்த்தாலே தெரிந்துவிடும். உள்ளதைச் சொல்வதானால், கோத்தகிரிக் குளிரில் சாதாரண ஸ்வெட்டர் அணியும் நான், அந்தச் சால்வையைச் சென்னைத் திருமணங்களுக்குத்தான், வியர்த்து வழிந்தாலும், போர்த்திச் செல்கிறேன்.

குன்னூர்வாசி:
இருவருக்கும் நன்றி. பரப்பு கித்தான்தான் என்று மனைவியிடம் சொன்னேன். "நனைந்தாலும் கெடாதென்றால் மார்க்கெட்டுக்கே கொண்டுபோகலாமே" என்று நேற்று அதில் கேரட் வாங்கி வந்துவிட்டார். மைத்துனருக்கு இன்னும் சொல்லவில்லை.