எதிர் மலையில் தீ, கிளம்பலாமா?

கேள்வி:
போடி பக்கம் மலையடிவாரத்தில், மாந்தோப்புக்குள் எங்கள் வீடு. மூன்று நாளாக எதிர் மலை எரிகிறது. பகலில் புகை மட்டும்தான், ராத்திரியானால் சிவப்பாக ஒரு கோடு வளைந்து வளைந்து இறங்குவது தெரிகிறது. இன்று காலை கொடியில் காய்ந்த துணியெல்லாம் கரித்தூள். அம்மாவுக்கு வீசிங் உண்டு, இரண்டு மாடும் இருக்கிறது. கிளம்பலாமா, பொறுத்துப் பார்க்கலாமா?

பதில்:
அம்மாவை இன்றைக்கே டவுனில் சொந்தக்காரர் வீட்டில் விடுங்கள், இதில் யோசிக்க ஒன்றுமில்லை. நீங்களும் கிளம்பினால் மாட்டைக் கட்டிப்போட்டுவிட்டுப் போகாதீர்கள்.

இன்னொரு பதில்:
தீ மேட்டில் வேகமாக ஏறும், இறங்கும்போது மெதுவாகத்தான் வரும், ஆனால் காற்று திரும்பினால் அந்தக் கணக்கெல்லாம் செல்லாது. 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் சிக்கியதும் காய்ந்த புல் சரிவில்தான். வீட்டைச் சுற்றிச் சருகு, புல் எல்லாம் சுரண்டி மண் தெரிய விடுங்கள். வைக்கோல் போர் எங்கே இருக்கிறது? பறந்து வரும் பொறிக்கு அது போதும்.

கேட்டவர்:
கொட்டகையை ஒட்டியேதான்...

இரண்டாவது பதில் சொன்னவர் மறுபடி:
அப்போ முதல் வேலை அதைத் தள்ளிப் போடுவதுதான். தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு இருந்துவிடாதீர்கள், அதுவும் உருகிப் பற்றும். அப்புறம், எதிர்த்தீ வைக்கலாம், அதாவது வருகிற தீக்கு முன்னாலேயே நாமே எரித்துவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள், அது பழகிய வனத்துறை ஆட்களின் வேலை. 101-க்குச் சொல்லிவிட்டீர்களா? கரன்ட் இருக்கும்போதே மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பிவிடுங்கள்.